கோசாகிக்கு, அந்தக் கல்யாண கேக் பற்றி

அன்புள்ள கோசாகி,

நீ வந்த ஜப்பானியப் படக்கதைத் தொடர் 'நிசெகோய்' 2016 ஆகஸ்டில் முடிந்தது. அதன் முடிவு பிடிக்காதவர்களிடம் பேசினால், கதாநாயகன் ராக்கு உன்னை விட்டுவிட்டு சிதோகேயிடம் போனதைத்தான் பெரும்பாலும் சொல்வார்கள். என் வருத்தம் அது இல்லை. சிதோகே நல்ல பெண். சுவரேறிக் குதித்து ராக்குவின் முகத்தில் முழங்காலால் இடித்தாளே, கதை எந்தப் பக்கம் போகும் என்று அப்போதே தெரிந்துவிட்டது. இரண்டு கும்பல்களின் சண்டையைத் தடுக்கக் காதலர்களாக நடிப்பவர்கள் கடைசியில் நிஜமாகவே காதலிப்பார்கள், சரி. நீ தோற்றதை ஏற்றுக்கொள்கிறேன். உன்னைத் தோற்கடித்த விதம்தான் இன்னும் மனசு ஆறவில்லை.

நடுநிலைப் பள்ளி நாளிலிருந்தே உனக்கு அவனைப் பிடிக்கும், அவனுக்கும் உன்னைப் பிடிக்கும். இது வாசகர்களுக்குத் தெரியும், உன் தோழி ரூரிக்குத் தெரியும். உங்கள் இருவருக்கு மட்டும் தெரியாது. யாராவது ஒருவர் வாயைத் திறந்தால் போதும். திறக்க விடவே இல்லை. வகுப்பறையில் நீங்கள் இருவர் மட்டும் இருக்கிறீர்கள். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நீ சொல்லத் தொடங்குகிறாய். ஜன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு ஒரு பேஸ்பால் உள்ளே வந்து விழுகிறது. முதல் தடவை அது அழகான காட்சி. அதன்பிறகு அதே காட்சி வேறு வேறு உடுப்பில் வந்துகொண்டே இருந்தது. யாராவது குறுக்கே வருவார்கள், இல்லாவிட்டால் அவன் காதில் விழாது, அதுவும் இல்லாவிட்டால் நீயே பேச்சை மாற்றிவிடுவாய்.

காரணம் புரியாமல் இல்லை. இந்தத் தொடர் வந்த 'ஷோனென் ஜம்ப்' ஒரு வாரப் பத்திரிகை. வாசகர்கள் அனுப்பும் கருத்து அட்டைகளில் பின்தங்கினால் தொடரை நிறுத்திவிடுவார்கள். வாரத்துக்குச் சுமார் இருபது பக்கம் வரைந்த உன் கதாசிரியர் நவோஷி கோமி, முடிச்சை அவிழ்த்துவிட்டு அடுத்த வாரம் எதை வரைவார்? 2011 நவம்பர் முதல் 229 அத்தியாயம் அந்த முடிச்சு தாங்கியது. ஆனால் அதற்கு விலை கொடுத்தது நீ. சிதோகேவுக்கு அம்மாவோடு மனஸ்தாபம், அழுகை, சமாதானம் எல்லாம் கிடைத்தது. ராக்குவை விரும்பிய இன்னொரு பெண் மரிகா தன் காதலை ஊரறியக் கத்திச் சொன்னாள், அவள் கல்யாணத்தைத் தடுக்க ஒரு படையே திரண்டு போனது. நீ வெட்கப்பட்டுக்கொண்டே இருந்தாய்.

அதைவிடக் கொடுமை பூட்டு விவகாரம். முதல் அத்தியாயத்திலிருந்து ராக்குவின் கழுத்தில் தொங்கிய பூட்டு, பத்து வருடத்துக்கு முன் ஒரு பெண்ணுக்கு அவன் கொடுத்த வாக்கு, அந்தப் பெண் யார் என்ற கேள்வி. கடைசியில் பார்த்தால் அது நீதான். இவ்வளவு வருடம் எங்களைக் காக்க வைத்த பதில், வந்த வேகத்திலேயே பயனில்லாமல் போனது.

நீ ஒருவழியாக உன் காதலைச் சொல்லிவிட்ட அத்தியாயத்தைக் குறை சொல்ல மாட்டேன். அவனும் உன்னை விரும்பியதை ஒப்புக்கொள்கிறான், ஆனால் இப்போது மனசு வேறு இடத்தில் என்கிறான். நீ சிரித்த முகத்தோடு அனுப்பிவைக்கிறாய், அப்புறம் அழுகிறாய். அந்தப் பக்கங்களை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன், கோமி அங்கே எதையும் மழுப்பவில்லை.

அப்புறம் சில வருடங்களைத் தாண்டிக் குதித்துவிட்டார்கள். வந்து பார்த்தால் ராக்கு, சிதோகே கல்யாணத்துக்கு நீ கேக் செய்கிறாய்! இனிப்புக்கடைக்காரர் மகள், சமைத்தால் வாயில் வைக்க முடியாது, ஆனால் அலங்காரத்தில் உன்னை மிஞ்ச ஆளில்லை. அந்த வகையில் கேக் பொருத்தம்தான். ஆனால் அந்த மறுப்பிலிருந்து இந்த கேக் வரைக்கும் நீ எப்படி வந்து சேர்ந்தாய்? அவன் பெயரைக் கேட்டால் எத்தனை நாள் வலித்தது? அதற்கு இடமே கொடுக்கவில்லை. அழுதவள் அடுத்து தொழில் தெரிந்த பெண்ணாக, சிரித்த முகத்தோடு வந்து நிற்கிறாள்.

எனக்கு ஒரே ஓர் அத்தியாயம் கூடுதலாகக் கிடைத்திருந்தால் போதும். அதில் நீ ராக்கு மேல் கோபப்பட்டிருக்க வேண்டும். "உனக்கும் பிடிக்கும் என்றால் இத்தனை வருஷம் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தாய்?" என்று அவன் முகத்துக்கு நேரே கேட்டிருக்க வேண்டும். கல்யாணத்துக்கு வர மாட்டேன் என்று ரூரியிடம் அடம்பிடித்திருக்க வேண்டும். அதற்கப்புறம் நீயாக மனசு மாறி அந்த கேக்கைச் செய்திருந்தால், முதல் ஆளாக நான் கைதட்டியிருப்பேன்.

அன்புடன்,
இன்றும் உன் கட்சியில் இருக்கும் ஒரு வாசகி