ஒன்றாம் வகுப்புக்கு வாருங்கள், டாக்டர்

எங்கள் ஊரில் கண் மருத்துவமனை நடத்தும் டாக்டர்களுக்கு,

வணக்கம். நான் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை. போன வருடம் எங்கள் ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தியைக் குளவி கொட்டிவிட்டது. வலது கண் வீங்கி மூடிக்கொண்டது. மறுநாள் வகுப்புக்கு வந்தவள், முதல் பெஞ்சில் உட்கார்ந்தும் கரும்பலகையைப் படிக்க முடியாமல் திணறினாள். இடது கண்ணில் பார்வை மிகக் குறைவு என்பது அப்போதுதான் தெரிந்தது. பத்து வயதுவரை அது அவளுக்கே தெரியாது. சின்ன வயதிலிருந்து அப்படியே பார்த்துப் பழகியவளுக்கு எப்படித் தெரியும்?

அவள் ஒன்றாம் வகுப்பில் என்னிடம்தான் படித்தாள். ஒரு வருடம் முழுக்க என் எதிரில் உட்கார்ந்திருந்த பிள்ளை.

மதுரையில் பார்த்த டாக்டர் ‘சோம்பேறிக் கண்’ என்றார். ஒரு கண்ணில் மட்டும் பவர் அதிகம். அதன் மங்கலான காட்சியை மூளை ஒதுக்கிவிட்டது. ஐந்து வயதில் வந்திருந்தால் கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் ஒட்டி மூடியே பெரும்பாலும் சரிசெய்திருக்கலாமாம். ஏழெட்டு வயதைத் தாண்டினால் கஷ்டம். இப்போதும் முயற்சி செய்வோம், முழுதாக வருமா என்று சொல்ல முடியாது என்றார்.

இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததில்லை. ஆனால் பள்ளிப் பிள்ளைகளின் கண்ணைச் சோதிக்க அரசு 2009-ல் கொண்டுவந்த கண்ணொளி காப்போம் திட்டம் ஆறாம் வகுப்பிலிருந்துதான் தொடங்குகிறது. அப்போது பிள்ளைக்குப் பதினொரு வயது. தொடக்கப் பள்ளிக்கு வருடம் ஒருமுறை நடமாடும் மருத்துவக் குழு வருகிறது. பல், தோல், இதயம், இரத்தசோகை என்று எல்லாவற்றையும் அவர்களே பார்க்க வேண்டும். ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்க எவ்வளவு நேரம் கிடைக்கும்?

அதனால்தான் உங்களைக் கேட்கிறேன். ஜூனில் பள்ளி திறந்ததும் ஒரு அரை நாள் வாருங்கள். முதல் சோதனையை நாங்களே செய்கிறோம், எப்படி என்று மட்டும் சொல்லிக்கொடுங்கள். எழுத்துத் தெரியாத பிள்ளைக்கு ஆங்கில ‘E’ வடிவத்தைத் திருப்பித் திருப்பிப் போட்ட அட்டை போதும். அதன் கால் எந்தப் பக்கம் என்று கையால் காட்டிவிடும். கையால் கண்ணை மூடச் சொன்னால் விரலிடுக்கில் பார்ப்பார்கள், அதை நாங்கள் கவனித்துக்கொள்கிறோம். ஆனால் அட்டைச் சோதனையில் தப்பிவிடும் பிள்ளைகளும் உண்டு. சொட்டு மருந்து விட்டு, ஒளியடித்துப் பார்க்க உங்களால்தான் முடியும்.

இந்த வைத்தியம் ஒரு நாளில் முடிவதில்லை. திரும்பத் திரும்பக் காட்ட வேண்டும். ஒவ்வொரு தடவையும் மதுரைக்குப் போனால் அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போகிறது. மூன்றாவது தடவை அவர் போகமாட்டார். உங்கள் மருத்துவமனை என்றால் பள்ளி விட்டதும் நானே கூட்டி வருவேன். கண்ணில் ஒட்டுவதை வீட்டில் பிய்த்துப் போட்டுவிடுவார்கள், சரி, காலைப் பிரார்த்தனை முடிந்ததும் நானே ஒட்டி, சாப்பாட்டு மணி அடித்ததும் எடுத்துவிடுகிறேன். அதுவரை அந்தப் பிள்ளை என் பக்கத்தில் உட்காரட்டும்.

அப்புறம் ஒன்று. “பொம்பளைப் பிள்ளைக்குக் கண்ணாடியா?” என்று தயங்கும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பத்து நிமிடம் நீங்கள் பேசினால் கேட்பார்கள். நான் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

என் வகுப்பில் இந்த வருடம் 23 பிள்ளைகள். பக்கத்து அங்கன்வாடியில் 14. தலைமையாசிரியரிடம் பேசிவிட்டேன். எந்தக் கிழமை உங்களுக்குத் தோதுப்படும் என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒன்றாம் வகுப்பு ஆசிரியை