கண்ணீர் நெடுஞ்சாலையும் போன்ல துப்பறியிறவங்களும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். கனடாவுல பிரிட்டிஷ் கொலம்பியாவோட 16ஆம் நம்பர் ஹைவே, அதான் 'கண்ணீர் நெடுஞ்சாலை'ன்னு சொல்றாங்களே, அதப் பத்தி நம்ம பசங்க நைட்டெல்லாம் ஆன்லைன்ல பேசிட்டு இருக்காங்க, அதப் பாத்துட்டுதான் எழுதுறேன். பிரின்ஸ் ஜார்ஜ்ல இருந்து பிரின்ஸ் ரூபர்ட் வரைக்கும் 700 கிலோமீட்டருக்கு மேல போற ரோடு, அங்க காணாம போனவங்க, கொலையானவங்கள்ல நெறைய பேர் பழங்குடிப் பொண்ணுங்க. போலீஸ் 2005ல தனி டீம் போட்டு 18 கேஸ எடுத்துச்சு, பெரும்பாலானதுக்கு இன்னும் விடை இல்ல.

என் தம்பி போன்ல ஒரு போட்டோ காட்டினான், யாரோ ஒரு லாரி டிரைவர், மூஞ்சிய சுத்தி சிவப்பு வட்டம், கீழ "இவன்தான்"னு எழுதியிருக்கு, ஆதாரம் என்னடான்னா அந்த ரூட்ல வண்டி ஓட்டினாராம்! எனக்கு வயிறு கலங்கிடுச்சு சார், அந்த மனுஷனுக்கும் வீட்ல புள்ளைங்க இருக்குமே.

அந்த 18ல ஒண்ணு, 1974ல கொலையான 16 வயசுப் பொண்ணு கேஸ்ல, அவ சட்டையில பத்திரமா இருந்த டிஎன்ஏவ வச்சுதான் 2012ல கொன்னவன் யாருன்னு சொன்னாங்க, அவன் 2006லயே அமெரிக்க ஜெயில்ல செத்துட்டான். எத்தன யூகம் பண்ணிருந்தாலும் அவன் பேரு வந்திருக்குமா?

சரியான பஸ் வசதி இல்லாமதான அந்தப் பொண்ணுங்கள்ல நெறைய பேர் வழில போற வண்டில லிஃப்ட் கேட்டு ஏறுனாங்க. 2006ல இந்த ரோடு பத்தி நடந்த கூட்டத்துலயே பஸ் விடுங்கன்னு கேட்டாங்க, வந்தது 2017ல. இந்த 11 வருஷத்தப் பத்தி யாருமே பேச மாட்டேங்கறாங்க, தயவுசெஞ்சு நீங்களாவது எழுதுங்க.

இப்படிக்கு,
உங்க நாள்பட்ட வாசகன்