அந்த 21 கவுன்ட்டுக்கு நன்றி

எல்லாருக்கும் வணக்கம். நேத்து சாயங்காலம் 8 மாசம் கழிச்சு எங்க கராத்தே டோஜோவுல (பயிற்சிக்கூடத்துல) மறுபடி வரிசையில நின்னேன், அந்த சந்தோஷம் அடங்கறதுக்குள்ள எழுதிடணும்னு உக்காந்திருக்கேன். முட்டிக்கு என்ன ஆச்சுன்னு உங்களுக்கே தெரியும், அதை திரும்ப கிளறல.

சென்சேய் (எங்க மாஸ்டர்), முட்டியை பொறுமையா தேத்தி விட்ட பிசியோ அக்கா, "இத்தோட விட்டுடு"ன்னு ஒரு தடவை கூட சொல்லாத வீட்டுக்காரங்க, விடாம விசாரிச்ச சீனியர்ஸ், எல்லாருக்கும் மனசார நன்றி.

ஆனா முக்கியமா சொல்ல வந்தது அந்த கிரீன் பெல்ட் தம்பியை பத்தி (பேர் போட்டா கூச்சப்படுவான்). நான் யார் போனையும் எடுக்காம கெடந்தப்ப ஒரு நாள் விடியக்காலைல அவன்கிட்ட இருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ். எப்படி இருக்கீங்க, எப்ப வருவீங்கன்னு ஒண்ணும் இல்ல, வெறும் கவுன்ட். இச்சி, நி, சான்னு ஜப்பானிய மொழில ஒண்ணு, ரெண்டு, மூணு, ஹெயான் ஷோடான்ங்கற கட்டாவோட (வரிசை மாறாம செய்யற அசைவுகளோட) 21 மூவ்மென்ட்டுக்கும். 9-லயும் 17-லயும் கியாய், அதாவது அடிவயித்துல இருந்து போடற சத்தம், வரணும்ல, வீட்ல தூங்கிட்டு இருந்தாங்க போல, அதை மட்டும் மூச்சாவே விட்டிருந்தான். மறுநாளும் வந்துச்சு, அதுக்கு மறுநாளும். நான் பதிலே போடல, அவன் நிறுத்தவும் இல்ல.

முதல்ல படுத்துக்கிட்டே கேட்டேன். அப்புறம் உக்காந்து கை மட்டும், கெதான் பராய் (கீழ்த் தடுப்பு), ஓய் சுகி (முன்னேறி விடற குத்து)ன்னு. ஒரு நாள் எந்திரிச்சு கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவுல நின்னேன், ஸென்குட்சு (முன்கால் மடக்கி நிக்கற நிலை) போட இடமும் இல்ல, முட்டி முழுசா மடங்கவும் இல்ல, நிமிந்து நின்னபடியே 21-ஐயும் முடிச்சேன். ஒரு நிமிஷம் கூட ஆகியிருக்காது. அன்னைக்கு தான் அழுகையே வந்துச்சு.

11 வருஷமா பிளாக் பெல்ட் தான் என்னை இழுத்துட்டு போகுதுன்னு நம்பியிருந்தேன், அது தள்ளிப் போனதும் கிளாஸ் பேக்கை பாக்கவே புடிக்கல. கருப்பு பெல்ட்டோட முதல் டானுக்கும் (படிக்கும்) ஷோடான்னு தான் பேரு, வெள்ளை பெல்ட்ல கத்துக்கற அந்த கட்டா பேர்லயும் அதே ஷோடான் தான், 'ஷோ'ன்னா ஆரம்பம்னு சென்சேய் எத்தனை தடவை சொல்லியிருப்பார். கட்டிலோரத்துல நின்னப்ப தான் அது எனக்குள்ள இறங்குச்சு.

தம்பி, இனிமே காலைல நீ அனுப்ப வேண்டாம், நான் அனுப்பறேன். புது பேட்ச் வெள்ளை பெல்ட்ல ரெண்டு பேர் மூணு வாரமா வரலையாம், அவங்க நம்பரை சென்சேய்கிட்ட கேட்டு வாங்கிட்டேன்.