வைக்கோல் சுவருக்குச் சிமென்ட் பூச்சு வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வைக்கோல் கட்டுகளை அடுக்கி வீடு கட்டுவதைப் பற்றி எழுதுவோர், வெப்பத்தை அது தடுக்கும் திறனை வியந்து பேசிவிட்டு, அந்தச் சுவரின் ஆயுளைத் தீர்மானிக்கும் பூச்சு வேலையை ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். பூச்சு வேலையிலேயே காலம் கழித்தவன் என்ற முறையில் இது எனக்குப் பெரும் வருத்தம் தருகிறது.

அண்மையில் அத்தகைய வீடு ஒன்றின் சிமென்ட் பூச்சைப் பெயர்த்தபோது உடனிருந்தேன். சன்னலின் கீழ்மூலையில் மயிரிழை அளவு வெடிப்புதான் வெளியே தெரிந்தது. உள்ளே கையை விட்டால் வைக்கோல் கறுத்துப் பிசுபிசுத்து, எருக்குழிக் குப்பையைப் போல வந்தது. இரண்டடி தள்ளி, அதே சுவரில், வைக்கோல் பொன்னிறம் மாறாமல் மொறமொறப்பாக இருந்தது.

ஆகவே குற்றம் வைக்கோலுடையது அன்று. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்து ஆர்தர் என்னும் ஊரில் 1928இல் வைக்கோல் கட்டுகளால் எழுப்பிய தேவாலயம் இன்றும் நிற்கிறது. உலர்ந்திருக்கும்வரை வைக்கோல் மட்குவதில்லை. வெடிப்பின் வழியே புகுந்த மழைநீர் ஆவியாக வெளியேற வழியின்றிச் சிமென்ட் அடைத்துவிடுவதே கேடு. மண் பூச்சும் சுண்ணாம்புப் பூச்சும் அந்த ஈரத்தை மெல்ல வெளியே விட்டுவிடும்.

பூசத் தொடங்கும் முன் கட்டுகளின் ஈரப்பதம் 15 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கிறதா என்று கருவி செருகிப் பார்த்துவிட வேண்டும். 20 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை பிடிக்கும். துருத்தும் வைக்கோல் தாள்களை வெட்டிச் சீராக்கி, கட்டுகளுக்கு இடையேயுள்ள சந்துகளில் களிமண்ணில் தோய்த்த வைக்கோலை இறுக அடைக்க வேண்டும். முதற்பூச்சுதான் உயிர்நாடி. குழம்பாகக் கரைத்த களிமண்ணை உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்து, வைக்கோலின் நுனிகளுக்குள் ஏற்ற வேண்டும். கொத்துக் கரண்டியால் மேலோட்டமாக இழுத்துவிட்டால் அடுத்த பூச்சு பிடிப்பின்றிப் பொருக்காக உதிரும். இரண்டாம் பூச்சில் மணலோடு நறுக்கிய வைக்கோலையும் சேர்த்தால் வெடிப்பு குறையும். மரத்தூண்களில் மண் ஒட்டாது என்பதால் அவற்றின் மேல் வலையோ சாக்கோ அறைந்த பிறகே பூச வேண்டும். இந்தப் பூச்சேதான் தீ பற்றாமலும் சுவரைக் காக்கிறது.

வெளிப்புறத்துக்குச் சுண்ணாம்பைத் தேர்ந்தெடுத்தால், அது காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சித்தான் இறுகும் என்பதை மறக்கலாகாது. கடும் வெயிலில் பூசி, நீர் தெளிக்காமல் விட்ட சுண்ணாம்பு மாவாக உதிர்வதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

வைக்கோல் வீடு கட்டத் துணிந்தவர்கள், பழக்கத்தின் காரணமாகச் சிமென்ட் மூட்டைகளை இறக்கிவிடாமல், தங்கள் மண்ணையும் மணலையும் வெவ்வேறு அளவில் கலந்து சுவரில் சிறு சிறு சதுரங்களாகப் பூசி, அவை முற்றிலும் உலர்ந்த பின் எது வெடிக்கவில்லை என்று பார்த்து, அந்தக் கலவையையே பயன்படுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பூச்சு வேலை செய்யும் வாசகர் ஒருவர்