நட்சத்திரத்தைப் பாட வைத்த அக்காவுக்கும், கூட நின்ற எல்லோருக்கும் நன்றி

அன்புள்ள ஊர் மக்களுக்கும், வளைகுடாவிலும் சென்னையிலும் இருந்துகொண்டு வீடியோவில் பார்த்த நம் பிள்ளைகளுக்கும்,

இடி விழுந்த அந்த ராத்திரியைப் பற்றி இதில் எழுதப்போவதில்லை. எல்லோருக்கும் தெரியும், சிலுவை நிற்கும் குருசடி முன்னால் நின்று கண்ணால் பார்த்தவர்களும் உண்டு. கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா டிசம்பர் 3ல் முடிந்த கையோடு நாங்கள் தொடங்கிய கிறிஸ்துமஸ் லைட் வேலை அத்தனையும் போனது. ஆனால் 24ஆம் தேதி ராப்பூசைக்கு முன்னால், பாட்டுக்கு வாயசைக்கும் எங்கள் லைட் நட்சத்திரம் பாடியது. பாட்டும் லைட்டும் எங்கேயும் பிசகவில்லை. மழையும் விலகி நின்றது. எனக்கு இன்னும் தூக்கம் முழுசாகத் தீரவில்லை. இருந்தாலும் இந்த நன்றியை ஆறப்போட மனசு வரவில்லை.

அக்கா, இந்த மடலில் பெரும்பகுதி உங்களுக்குத்தான். பெயர் போட வேண்டாம் என்று எழுதிக் காட்டினீர்கள், போடவில்லை. ஊரில் யாருக்கும் ஆள் தெரியாமல் இருக்காது. வெளியூர்க்காரர்களுக்கு மட்டும் கொஞ்சம் விளக்கிச் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் பாட்டுக்கு லைட் அமைப்பது எக்ஸ்லைட்ஸ் என்கிற இலவச மென்பொருளில். பாட்டை அதில் ஏற்றினால் திரையில் காலம் இடமிருந்து வலமாக ஓடும். நட்சத்திரம், குடில், கோபுரம் எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசையில் நிற்கும். எந்த நொடியில் எது எப்படி எரிய வேண்டும் என்று கட்டம் கட்டமாக வைத்துக்கொண்டே போக வேண்டும். முகம் உள்ள நட்சத்திரம் என்றால் அதற்குப் பத்து வாய் உண்டு. ப, ம வந்தால் உதடு மூடிய வாய். வ வந்தால் கீழுதட்டில் பல் படுகிற வாய். ஆ, ஐக்கு அகலத் திறந்தது, ஓவுக்கு வட்டம், உவுக்குக் குவிந்தது. ல தனி. க, ட, ந மாதிரி மீதி எழுத்தெல்லாம் 'மற்றவை' என்று ஒரே வாய்க்குள் போய்விடும். ஆங்கிலப் பாட்டாக இருந்தால் வரிகளைக் கொடுத்ததும் மென்பொருளே தன் அகராதியைப் பார்த்து வாய்களாக உடைத்துத் தந்துவிடும். அந்த அகராதியில் தமிழ் கிடையாது. நம் பாடகர் குழு தாங்களே மெட்டுப் போட்ட பாட்டுக்கு ஒவ்வொரு சொல்லையும் கையால்தான் உடைக்க வேண்டும். முன்பு பொறுமையாக உட்கார்ந்து செய்து வைத்திருந்ததை, இடிக்குப் பிறகு இரவல் லேப்டாப்பில் முதலிலிருந்து செய்துகொண்டிருந்தோம்.

அக்கா அன்றைக்கு வந்தது சம்மனசு (தேவதூதர்) வேஷம் போடும் பிள்ளைகளின் உடுப்பைக் கொடுத்துவிட்டுப் போக. ஏழாம் வகுப்பு படிக்கும் மகளும் கூட வந்திருந்தாள். உடுப்பை மேசையில் வைத்தவர் போகவில்லை. எங்கள் பின்னால் நின்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் சரணம் முடிந்ததும் என் தோளைத் தொட்டார். தாடையை மேலும் கீழும் அசைத்துக் காட்டி, கையை இல்லை என்று ஆட்டினார். மகள்தான் சொன்னாள்: "நட்சத்திரம் பாடலியாம். என்னமோ சவைக்குதாம்."

அக்காவுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. நாம் பேசுவதையெல்லாம் உதட்டைப் பார்த்தே இத்தனை வருடமாக அறிந்து வருகிறவர். வாயைப் பற்றி அவரைவிடத் தெரிந்தவர் நம் ஊரில் யார் இருக்கிறார்கள்?

அவர் சொன்னது சரி. எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் சின்னச் சின்ன இடைவெளி கிடந்தது. ஒவ்வொரு இடைவெளியிலும் நட்சத்திரம் வாயை மூடி மூடித் திறந்தது. மனிதர்கள் அப்படிப் பாடுவதில்லை என்று அக்கா காட்டினார். ஒரு வாய் அப்படியே அடுத்த வாயாக மாறும். மூச்சு வாங்கவும் ப, ம சொல்லவும்தான் உதடு மூடும். அப்புறம் இன்னொன்று: ம வருவதற்கு முன்னாலேயே உதடு மூடக் கிளம்பிவிடுமாம், முந்தின எழுத்து முடிகிறவரை காத்திருக்காதாம். எங்கள் கோப்பில் ஒரு நொடி 40 துண்டாக இருந்தது. மூடிய வாய்களை மட்டும் இரண்டு துண்டு, அதாவது 50 மில்லிசெகண்ட், முன்னால் தள்ளி வைத்துப் பாட்டைப் போட்டோம். அறையில் இருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் 'ஆ' என்றோம். பாட்டைக் கேட்காதவர் சொன்ன திருத்தம், பாட்டோடு அச்சாகப் பொருந்தியது.

பவுக்கும் மவுக்கும் தனித்தனி வாய் வேண்டாமா என்று எனக்கு ஒரு சந்தேகம். பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான், முன்னும் பின்னும் வருகிற சொல்லை வைத்துத்தான் தானும் பிரித்தறிவதாக எழுதிக் காட்டினார். மென்பொருள் செய்தவர்களும் அப்படித்தான் ஒரே வாயாக வைத்திருக்கிறார்கள்.

தைக்க வேண்டிய உடுப்பு இன்னும் பாக்கி இருந்தது. மறுநாள் சாயங்காலம் யாரும் கூப்பிடாமலே அதையும் எடுத்துக்கொண்டு மண்டபத்துக்கு வந்துவிட்டார். பாடகர் குழுவிலிருந்து ஒரு தங்கச்சி அவர் முகத்துக்கு நேரே நின்று வரி வரியாக மெதுவாகப் பாட, அக்கா பத்து வாய் அச்சடித்த தாளில் விரலை வைத்துக் காட்ட, மகள் குறித்துக்கொண்டாள். இடையில் கிடைத்த நேரத்தில் சிறகுக்கு ஓரம் அடித்தார். கடைசிச் சரணம்வரை அப்படித்தான் நடந்தது.

25ஆம் தேதி காலையில் அக்காவின் மகள் என்னிடம் சொன்னதை இங்கே எழுத அக்காவிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். கோயிலில் பாடகர் குழு மாடியில் நிற்பதால் யாருடைய உதடும் அவருக்குத் தெரியாது. நம் கோயில் வளாகத்தில் ஒரு பாட்டை முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல்வரை அவர் தானாகப் பின்தொடர்ந்தது இந்தக் கிறிஸ்துமசுக்குத்தானாம். அதைக் கேட்டதிலிருந்து வேறெதுவும் எனக்கு ஓடவில்லை. லைட்டை நான் இதுவரை பாட்டுக்கு ஒரு அலங்காரம் என்றே நினைத்திருந்தேன். நம் கூட்டத்தில் ஒருவருக்காவது அதுவே பாட்டு. அடுத்த வருடம் பாட்டு வரிகள் எழுத்தாகவே ஓடும்படி குடில் பக்கத்தில் ஒரு எல்.இ.டி. பலகை வைப்போம். செலவைப் பங்குப் பேரவை ஏற்றாலும் சரி, இளைஞர்கள் நாங்கள் கேரல் வசூலில் ஒதுக்கினாலும் சரி, வைக்காமல் விடமாட்டோம்.

மற்ற எல்லோருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு. கேட்ட மாத்திரத்தில் லேப்டாப்பைத் தந்த தம்பிக்கு. திங்கள்சந்தையில் கடை திறந்து கடனுக்குப் பவர் சப்ளை எடுத்துக் கொடுத்தவருக்கு. பக்கத்து ஊர் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு லைட் கட்டுகிற அண்ணன்மார் வயர் சுருளோடு வந்து ஏணியில் ஏறியதை மறக்க முடியாது. சரத்தின் கடைசியில் வெள்ளை நிறம் சிவந்து போனபோது, "அங்கே கரண்டு எட்டலை மக்கா" என்று அந்தப் பக்கமிருந்தும் தடிமனான வயர் இழுத்துக் கொடுத்தது மைக்செட் அண்ணாச்சி. ஒரு பல்புக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என்று 3 சேனல், யூனிவர்ஸ் என்கிற ஒரு தொகுப்பில் இருப்பது 512 சேனல், ஆக 170 பல்புக்கு மேல் ஏறாது என்று மொத்தக் கணக்கையும் ஒரே ராத்திரியில் மறுபடி போட்டது நம் கல்லூரிப் பிள்ளைகள். மழையில் கம்பம் ஏறிய மின்வாரிய ஊழியர்கள், பணம் அனுப்பிய துபாய், குவைத் சகோதரர்கள், மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் கட்டஞ்சாயாவும் கொண்டுவந்து தந்த அன்பியக் குழுத் தாய்மார்கள், எல்லோருக்கும் நன்றி.

நம்மை ஒருபோதும் பார்க்கப்போகாத சிலருக்கும் நன்றி சொல்ல வேண்டும். எக்ஸ்லைட்ஸை எழுதியவர்களும், லேப்டாப் இல்லாமலே ராஸ்பெர்ரி பை என்கிற குட்டிக் கணினியிலிருந்து காட்சியை ஓட்டுகிற ஃபால்கன் பிளேயரை எழுதியவர்களும் அதைத் திறந்த மூலமாக, காசு வாங்காமல் கொடுத்திருக்கிறார்கள். இடி எல்லாவற்றையும் கொண்டுபோன பிறகு, இரவல் லேப்டாப்பில் அந்த இரண்டையும் மறுபடி இறக்கிக்கொள்ள யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை, ஒரு பைசா கட்ட வேண்டியிருக்கவில்லை. அன்றைய நிலையில் அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைப் பட்டவர்கள்தான் அறிவார்கள்.

இலவசமாக வாங்கியதை நாங்களும் பூட்டி வைக்க மாட்டோம். இந்த முறை வாய்களாக உடைத்த தமிழ்ச் சொற்கள் எல்லாவற்றையும் எக்ஸ்லைட்ஸின் பயனர் அகராதியில் சேர்க்கும்படி ஒரே கோப்பாக்கிவிட்டோம். 'பாலன்', 'விண்மீன்', 'மேய்ப்பர்' மாதிரிச் சொற்களை இனி யாரும் உட்கார்ந்து உடைக்க வேண்டாம். குமரி மாவட்டத்தில் எந்தக் குடில் கமிட்டி கேட்டாலும், கோயில் கொடைக்குக் கேட்டாலும், பள்ளி ஆண்டுவிழாவுக்குக் கேட்டாலும் தருகிறோம். கையில் இருக்க வேண்டியது பென்டிரைவ் ஒன்றுதான்.

வருகிற ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் பங்கு மண்டபத்துக்கு வாருங்கள். லைட் இணைப்பை எங்கள் பையன்கள் காட்டுவார்கள். சொல்லை வாயாக உடைப்பதை அக்காவும் மகளும் சேர்ந்து சொல்லித் தருவதாகச் சம்மதித்திருக்கிறார்கள்.

அன்புடன்,
லைட் கமிட்டி சார்பாக உங்கள் தம்பி