கூரைச் சேதம்: ஞாயிறு காலை கூடுகிறோம்

அண்ணாச்சிமார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம்.

நேற்று ராத்திரி சூறைக்காற்றில் நம்ம தெருவில் பல வீட்டு ஓடும் சீட்டும் போயிருக்கு. வரும் ஞாயிறு காலை 8 மணிக்குப் பிள்ளையார் கோயில் முன்னால் வாங்க. ஏணி, கயிறு ஏற்பாடாகிவிட்டது.

1. உடைந்ததை அள்ளும் முன்னே செல்போனில் படம் எடுங்க. முழு வீடும் தெரிய ஒன்று கட்டாயம். கிராம நிர்வாக அலுவலரிடம் மனு கொடுக்க அதுதான் சாட்சி. ஆதார், ரேஷன் கார்டு நகலும் வேணும்.

2. ஆஸ்பெஸ்டாஸ் சீட் மேல் யாரும் ஏறாதீங்க. பார்க்கத்தான் கல்லு மாதிரி, நடுவில் மிதித்தால் அப்பளம். உடைந்த துண்டை அறுக்கவோ காய்ந்தபடி பெருக்கவோ வேண்டாம், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. தண்ணீர் தெளித்துச் சாக்கில் கட்டுங்க.

3. வயர் அறுந்து கிடந்தால் கிட்டப் போகாமல் மின்வாரியப் புகார் மையமான மின்னகத்துக்குச் சொல்லுங்க: 94987 94987.

4. தார்ப்பாய் முகட்டைத் தாண்டி மறுபக்கம் இறங்கணும். பாதியில் நிறுத்தினால் தண்ணீர் அடியில் புகும். 2023 டிசம்பர் மழையில் எங்க வீட்டுக் கதை அதுதான்.

சேதமானவர்கள் இன்று இரவு 9 மணிக்குள் வீட்டு எண், ஓடா சீட்டா, எத்தனை என்று இங்கே போடுங்க. கும்பிடு பொம்மை மட்டும் போட்டால் கணக்கு எடுக்க முடியாது.