யாக்கோபு என்றொரு சகோதரர்

ஆசிரியருக்கு வணக்கம்.

இயேசு வாழ்ந்த மனிதரா, கற்பனையா என்று உங்கள் வாசகர் பக்கத்தில் இரண்டு வாரமாக நடக்கும் விவாதத்தை விடாமல் படித்துவருகிறேன். கற்பனை என்று எழுதியவர், டிசம்பர் 25 சூரியக் கடவுளின் பிறந்தநாள் என்பதைச் சான்றாகக் காட்டினார். நான்கு சுவிசேஷங்களிலும் இயேசு பிறந்த தேதி கிடையாது. பண்டிகை நாளைச் சபை பிற்காலத்தில் குறித்தது என்பதால் ஆளே இல்லை என்றாகிவிடுமா?

ஆனால் என்னை அதிகம் வருத்தியது அவருக்கு மறுப்பு எழுதிய கிறிஸ்தவ அன்பரின் கடிதம்தான். முதல் நூற்றாண்டின் யூத வரலாற்றாசிரியர் ஜொசிபஸ், யூதர்களின் பழங்கால வரலாற்றைச் சொல்லும் தமது நூலின் 18-ஆம் புத்தகத்தில் (பாகத்தில்) இயேசுவைக் கிறிஸ்து என்றும், மூன்றாம் நாளில் உயிரோடு தோன்றினார் என்றும் எழுதியிருப்பதாக அவர் வாதிட்டார். கடைசிவரை யூதராகவே இருந்த ஒருவர் அப்படி எழுதுவாரா? ஜொசிபஸ் இயேசுவைக் கிறிஸ்துவாக ஏற்கவில்லை என்று 3-ஆம் நூற்றாண்டின் கிறிஸ்தவ அறிஞர் ஒரிகனே சொல்லியிருக்கிறார். அந்தப் பத்தியை முதலில் எடுத்துக்காட்டுபவர் 4-ஆம் நூற்றாண்டின் சபை வரலாற்றாசிரியர் யூசிபியஸ். அடியில் ஜொசிபஸின் சொந்த வரிகள் சில இருந்திருக்கலாம். ஆனால் அதில் கிறிஸ்தவக் கை பட்டிருக்கிறது.

என் அப்பா ஒரு கிராமச் சபையில் உபதேசியாராக இருந்தார். கிறிஸ்துமஸ் ஆராதனையில் அதே பத்தியை ஆண்டுதோறும் வாசிப்பார். முதுகலை வரலாறு படித்த காலத்தில் இந்த உண்மை தெரியவந்து, விடுமுறைக்கு வீடு வந்த அன்றிரவே அவரிடம் சொன்னேன். சொல்லிவிட்டு அழுதேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு வேதாகமத்தைத் திறந்து, கலாத்தியர் முதல் அதிகாரம் 19-ஆம் வசனத்துக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டு என்னிடம் நீட்டினார். அடுத்த கிறிஸ்துமஸுக்கு அவர் அந்தப் பத்தியை வாசிக்கவில்லை.

அந்தப் பகுதியில் அப்போஸ்தலர் பவுல், எருசலேமில் கேபாவோடு (பேதுருவோடு) 15 நாள் தங்கியபோது கர்த்தரின் சகோதரனாகிய யாக்கோபைக் கண்டதாகச் சொல்கிறார். சிலுவை மரணத்துக்குப் பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் எழுதப்பட்ட கடிதம் அது. விசுவாசிகள் எல்லாருமே சகோதரர்கள்தானே என்பார்கள். அப்படியானால் பக்கத்திலேயே நிற்கும் கேபாவுக்கு ஏன் அந்த அடைமொழி இல்லை?

இதே யாக்கோபு ஜொசிபஸின் 20-ஆம் புத்தகத்திலும் வருகிறார். கி.பி. 62-இல் ரோமத் தேசாதிபதி பெஸ்து இறந்து, அடுத்தவர் வந்து சேருமுன், பிரதான ஆசாரியர் அனானுஸ் சிலரைக் கல்லெறிந்து கொல்ல ஒப்புக்கொடுத்தார். அதனாலேயே பதவியும் இழந்தார். அவர்களில் ஒருவர் ‘கிறிஸ்து எனப்பட்ட இயேசுவின் சகோதரர் யாக்கோபு’. ஜொசிபஸ் அங்கே சொல்லவந்தது அனானுஸின் கதையை. எந்த யாக்கோபு என்று அடையாளம் காட்ட, நம் ஊரில் இன்னாருடைய தம்பி என்பதைப் போல, இயேசுவின் பெயரைச் சொல்லிவிட்டுப் போகிறார். இயேசுவுக்கு மகிமை சேர்க்க எண்ணி இடைச்செருகல் செய்பவர் ‘எனப்பட்ட’ என்று எழுதி நிறுத்திக்கொள்வாரா? யாக்கோபு கொல்லப்பட்டபோது ஜொசிபஸ் 25 வயது இளைஞர், எருசலேமின் ஆசாரியக் குடும்பத்தில் பிறந்தவர். அந்த ஊர்ச் செய்தி அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

சுவிசேஷத்தின் ஒவ்வொரு வரியும் இப்படி நிரூபணமாகும் என்று நான் சொல்லவில்லை. இயேசு பிறந்தபோது ஆண்டதாக மத்தேயு சொல்லும் ஏரோது இறந்தது கி.மு. 4-இல். அதே பிறப்போடு லூக்கா சேர்த்துச் சொல்லும், சீரியாவின் ரோம ஆளுநர் சிரேனியுவின் குடிமதிப்பு (மக்கள்தொகைக் கணக்கெடுப்பு) நடந்தது கி.பி. 6-இல். இந்த இடைவெளியை நாம் மறைக்க வேண்டியதில்லை. உயிர்த்தெழுதலை நான் விசுவாசிக்கிறேன். அதற்கு ஜொசிபஸிடம் சாட்சி கேட்க மாட்டேன்.

18-ஆம் புத்தகத்தின் பத்தியை முழுமையாக அச்சிட்டீர்கள். 20-ஆம் புத்தகத்தில் யாக்கோபைப் பற்றிய வரிகளையும் வெளியிடும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
பாளையங்கோட்டை.